இலண்டன் மழையும் இலுப்பூர் மழையும்

"வானம் பார்த்த பூமி ஐயா, இது! இந்தச் சீமைக்கு எழுதி வைத்தது இவ்வளவுதான்!" இலுப்பூர்ப் பக்கத்திலே எந்த ஊர்ச் சாவடியிலே உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதிலே விழும். பேசுபவர் பெருமூச்சு விடுவார்; கேட்பவர் தலையாட்டுவார். தலைவிதி என்பார் ஒருவர். கிரகக் கோளாறு என்பார் இன்னொருவர். கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து வைத்தால் மழை கொட்டும் என்று யோசனை சொல்லுவார் மூன்றாமவர். கழுதைகளுக்கு மாலை விழும்; மண்ணிலே மட்டும் துளி விழாது!

தோழர்களே! பெருமூச்சைச் சற்று நிறுத்திவிட்டுக் கணக்கைக் கையிலே எடுப்போம்.

இலண்டன் மாநகரிலே ஓராண்டிலே பெய்யும் மழை, சராசரியாக ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். அலங்காரபுரி என்று புகழப்படும் பாரிசிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலே ஓராண்டிலே பெய்யும் மழை எவ்வளவு? சராசரியாக 800 முதல் 900 மில்லிமீட்டர்!

மறுபடியும் படியுங்கள். எப்போதும் தூறிக்கொண்டே இருக்கும் என்று நாம் எண்ணுகிற இலண்டனைவிட, எப்போதும் காய்ந்துகொண்டே இருக்கும் என்று நாம் ஏங்குகிற இந்தச் சீமையிலே மழை அதிகம்! அங்கே புல்வெளி பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருக்கிறது. இங்கே பொட்டல் வெடித்துக் கிடக்கிறது. அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர். இங்கே குடம் தூக்கிய பெண்ணின் இடுப்பிலே தழும்பு. வானம் வஞ்சித்தது என்கிறார்களே, வானமா வஞ்சித்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், நாடுகளின் நிலத்தையும் வானத்தையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம் என்று அலட்சியமாக ஒதுக்கிவிடாதீர்கள். பூகோளம் தெரியாதவனிடம்தான் புரோகிதம் செல்லும். பூகோளம் தெரிந்துவிட்டால் புளுகு செல்லாது.

ஒரே கோடு, ஒரே கதிரவன்

இலுப்பூர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய பத்தரை டிகிரி அட்சக்கோட்டிலே. அந்தக் கோட்டைக் கயிறுபோல் கையிலே பிடித்துக்கொண்டு உலகத்தைச் சுற்றி வருவோம், வாருங்கள். கோடு நெடுகிலும் கதிரவன் ஒரே மாதிரிதான் காய்கிறான். ஏப்ரல் நடுவிலே ஒருமுறை, ஆகஸ்டு கடைசியிலே ஒருமுறை, உச்சிவேளையிலே நேர் தலைக்கு மேலே வந்து நிற்கிறான். இலுப்பூருக்கு ஒரு நீதி, மற்ற ஊருக்கு ஒரு நீதி என்று அவன் ஓரவஞ்சனை செய்வதில்லை. ஆனால் நாம் காணப்போகும் காட்சிகள் எத்தனை விதம்!

மேற்கே நடப்போம். ஏறக்குறைய 260 கிலோமீட்டர் போனால் கேரளத்துத் திருச்சூர். அதே அட்சக்கோடு. அங்கே ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு! இடையிலே என்ன நடந்தது? மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. அரபிக்கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, மலையிலே மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, சுமையை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது வெறுங்காற்று. திருச்சூர்க்காரர் புண்ணியம் செய்தவர், இலுப்பூர்க்காரர் பாவம் செய்தவர் என்பதல்ல காரணம். மலை இருக்கும் இடம்தான் காரணம்.

அரபிக்கடலைத் தாண்டுவோம். ஆப்பிரிக்கக் கரையிலே பெர்பெரா என்ற துறைமுகம். அதே கோடு. அங்கே ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் மழை 50 மில்லிமீட்டர் அளவுதான். நம் ஊரிலே ஐப்பசியிலே ஒரே இரவில் கொட்டுவதை அந்த ஊர் ஓர் ஆண்டு முழுக்கக் காத்திருந்து பெறுகிறது. இன்னும் மேற்கே ஏறினால் எத்தியோப்பியாவின் மேட்டுநிலம். அதே கோடுதான், ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரையும் தாண்டிய உயரம். அங்கே குளிர் காற்று, கொட்டும் மழை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. நம் கொடைக்கானல் குளிர்வதும் அந்தக் கணக்கினாலேதான்.

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தால் வெனிசுவேலா நாட்டுத் தலைநகர் காரகாஸ். அதே பத்தரை டிகிரி. ஆனால் ஊர் அமைந்திருப்பது ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலே. ஆகவே ஆண்டு முழுவதும் இதமான வானிலை. பசிபிக் பெருங்கடலையும் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு வந்தால், புயல்களின் பாதை. 2013 நவம்பரில் ஹையான் புயல் அந்தத் தீவுகளிலே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அடுத்து, செட்டிநாட்டுச் சீமையிலிருந்து ஒரு காலத்திலே தமிழர்கள் கப்பலேறிச் சென்ற சைகோன் நகரம். மழை 1,900 மில்லிமீட்டர் அளவு. பக்கத்திலே மீகாங் ஆற்றின் கழிமுகம். கண்ணுக்கெட்டிய மட்டும் நெல். அங்கிருந்து வங்கக் கடலைத் தாண்டினால் நாகப்பட்டினக் கரை, பிறகு தஞ்சைத் தரணி, பிறகு நம் இலுப்பூர்.

சுற்றி வந்துவிட்டோம். கண்டது என்ன? அட்சக்கோடு ஒன்றே, வெயில் ஒன்றே. மலை எங்கே நிற்கிறது, நிலம் எவ்வளவு உயரம், கடல் எவ்வளவு தொலைவு, காற்று எந்தத் திசை, இந்த நான்கும் சேர்ந்துதான் ஒரு நாட்டின் தட்பவெப்பத்தை வகுக்கின்றன. யாகமும் வகுப்பதில்லை, யோகமும் வகுப்பதில்லை.

பெய்வது வேறு, நிற்பது வேறு

"சரி, இலண்டனைவிட நமக்கு மழை அதிகம் என்றீரே, பிறகு ஏன் நாம் காய்கிறோம்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி.

இலண்டனிலே அந்த 600 மில்லிமீட்டரும் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகப் பெய்கிறது. நூறு நாளுக்கு மேல் மழை நாள். வெயில் மென்மையானது, பெய்தது மண்ணிலே தங்குகிறது. நமக்கோ ஆண்டு மழையிலே ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்திலே வந்துவிடும். மழை நாள் என்று எண்ணினால் ஐம்பதுகூடத் தேறாது. மிச்ச நாளெல்லாம் வெயில், வெயில், வெயில்! மழையாய் வருவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீரை ஆவியாக உறிஞ்சும் வல்லமை படைத்த வெயில். போதாததற்குக் கீழே பாறைப் பூமி. உள்ளே இறங்கிச் சேமிப்பாகும் நீரும் குறைவு.

ஆக, இலண்டன்காரன் தினக்கூலி வாங்குபவனைப்போல. நாள்தோறும் கொஞ்சம் கைக்கு வருகிறது. நாமோ ஆண்டுக்கு ஒருமுறை அறுவடைக்காசு வாங்குபவரைப்போல. மொத்தமாக வருகிறது; சேர்த்து வைத்தால்தான் அடுத்த அறுவடைவரை அடுப்பெரியும். தினக்கூலிக்காரனுக்குப் பெட்டி தேவையில்லை. அறுவடைக்காரனுக்குக் குதிர் இல்லாவிட்டால் குடும்பமே கிடையாது.

அந்தக் குதிர் எது? கண்மாய்!

இதை நம் பாட்டன் பூட்டன் அறிந்திருந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள், ஏரிகள், குளங்கள். ஒரு கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு நீர் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, சங்கிலிபோல் கோத்து வைத்தார்கள். குமிழி என்றும் மடை என்றும் தூம்பு என்றும் அளந்து விடுவதற்கு ஏற்பாடு செய்தார்கள். இந்தச் சீமையின் கல்வெட்டுகளிலே குளம் வெட்டிய செய்தியும் குமிழி வைத்த செய்தியும் இருக்கின்றன. இலண்டனைப் பார்த்து எழுதிய திட்டமா அது? இந்த மண்ணின் வெயிலைப் பார்த்து, இந்த வானத்தின் வழக்கத்தைப் பார்த்து, இந்த மக்கள் வகுத்த திட்டம்!

அன்னவாசலுக்குப் பக்கத்திலே சித்தன்னவாசல் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓவியம் அந்தக் குகையின் விதானத்திலே. என்ன தீட்டியிருக்கிறான் ஓவியன்? தாமரைப் பொய்கை! மீன் துள்ளுகிறது, எருமை இறங்குகிறது, யானை நிற்கிறது, மலர் கொய்கிறார்கள் மனிதர்கள். சமணர் தம் சமயத்துக்கேற்ப அதற்குப் பொருள் சொல்லுவர், சொல்லட்டும். நாம் கேட்பது இது: சுற்றிலும் பொட்டற்பாறையாகத் தெரிகிற இந்த இடத்திலே, நிறைந்த குளத்தை இத்தனை நுணுக்கமாகத் தீட்டினானே, அவன் நிறைந்த குளத்தைப் பார்க்காதவனா?

தமிழன் நிலத்தை ஐந்தாகப் பிரித்தான். அவற்றிலே பாலை என்பது தனி நிலம் அல்ல, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்து எடுக்கும் வடிவமே பாலை என்ற கருத்தைச் சிலப்பதிகாரம் சொல்லுகிறது. எண்ணிப் பாருங்கள்! பாலை பிறப்பால் வருவதல்ல, கெடுவதால் வருவது. கெட்டால் வருவது என்றால், சீர்படுத்தினால் போகும் என்றுதானே பொருள்?

குதிரை உடைத்தவர் யார்?

1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தை வதைத்த பெரும் பஞ்சம் இந்தச் சீமையையும் வாட்டியது. அதற்குப் பின், 1878-லே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி குளங்களைச் செப்பனிடும் வேலையை மேற்கொண்டார். பஞ்சம் வந்த பிறகாவது புத்தி வந்தது! 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 சனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மன்னர் போனார், மக்களாட்சி வந்தது. ஆனால் கண்மாயை ஊரார் கூடிப் பேணிய பழைய குடிமராமத்து முறை நலிந்தது. அதனிடத்திலே உறுதியான புது ஏற்பாடு ஊன்றவில்லை.

வரத்து வாய்க்காலை வரப்பாக்கினவர் உண்டு. கண்மாய்க்குள்ளே பட்டா தேடினவர் உண்டு. சீமைக்கருவேலம் கரையை விழுங்கிற்று. மேட்டுக்காடுகளிலே பல்லாயிரம் ஏக்கரில் தைலமரம் நட்டார்கள். மழைநீரை அங்கேயே மறிக்கிறார்கள், கண்மாய்க்கு வரத்தே இல்லை என்று இந்த மாவட்டத்து உழவர்கள் ஆண்டாண்டாய்க் குரல் கொடுக்கிறார்கள். காகிதம் வேண்டும், கட்டை வேண்டும், மறுப்பார் இல்லை. ஆனால் கண்மாயின் தொண்டையை நெரித்துத்தானா அது வரவேண்டும்?

கண்மாய் வற்றியதும் ஆழ்குழாய் வந்தது. நூறடி, முந்நூறடி, எண்ணூறடி! பணமிருப்பவன் பாதாளம்வரை போகிறான். பக்கத்து ஏழையின் கிணறு வாய் பிளந்து கிடக்கிறது. மேலே பெய்வதைப் பிடிக்காமல் விட்டுவிட்டு, கீழே இருப்பதைப் பிடுங்குவதற்குப் போட்டி. இதுவா பொருளாதாரம்?

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்திலே வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்டில், காவிரி கரை புரண்டது. கொள்ளிடத்திலே பாய்ந்த வெள்ளம், 1836-லே கட்டிய முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துச் சென்றது. அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வந்து இந்த மாவட்டத்துத் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. இரண்டே ஆண்டுக்குள் வறட்சி, வெள்ளம், புயல் மூன்றும்! வானம் கஞ்சனல்ல, தோழர்களே, வானம் ஊதாரி. ஊதாரி கொடுக்கும்போது வாங்கி வைக்கத் தெரிந்தவனே பிழைப்பான்.

பிறர் நாட்டு மழையும் பெருநதி வழக்கும்

மழை மிகுந்தால் மட்டும் போதுமா? மேகாலயத்துச் சிரபுஞ்சியிலே ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. குளிர்காலத்திலே அங்கேயும் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கிறார்கள். சிங்கப்பூரிலே நம்மைப்போல் இரண்டரை மடங்கு மழை. ஆனால் தேக்குவதற்கு நிலம் கிடையாது. ஆகவே 1962-லே செய்த ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூரிலிருந்து நீர் வாங்குகிறது. பதினேழு நீர்த்தேக்கங்களிலே மழையைப் பிடிக்கிறது. 2003 முதல் கழிவுநீரையே தூய்மைப்படுத்திப் பயன்படுத்துகிறது. மழையே இல்லாவிட்டால் வாழமுடியாதா? கெய்ரோ நகரிலே ஆண்டு மழை 25 மில்லிமீட்டர் அளவு. ஆனாலும் எகிப்து பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறது. எப்படி? எத்தியோப்பிய மலையிலே பெய்த மழை நைல் நதியாக நடந்து வருகிறது!

அதே நைலிலே இப்போது வழக்கு. எத்தியோப்பியா நீல நைலின் குறுக்கே பேரணை கட்டி 2025 செப்டம்பரில் திறந்தது. வெளிநாட்டுக் கடனை நம்பாமல், அரசு ஊழியர் சம்பளத்திலே கொடுத்தார்கள். எளிய மக்கள் பத்திரம் வாங்கினார்கள். மேல்நாடு, "என் மலை, என் மழை" என்கிறது. கீழ்நாடு, "என் உயிர்" என்கிறது. இந்த வழக்காடலைக் கேட்டால் நமக்கு எது நினைவுக்கு வருகிறது? குடகும் தஞ்சையும்!

காவிரி வழக்கு நமக்கு ஏட்டுச் சேதி அல்ல. 1990-லே நடுவர் மன்றம், 2007-லே இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு; தமிழகத்துக்குக் கருநாடகம் ஆண்டுதோறும் விட வேண்டும் என்று அது வகுத்த நீர் 177.25 டி.எம்.சி. ஆற்று நீர் பிறந்த வீட்டுக்கு மட்டும் உரியதல்ல, பாயும் பாதை நெடுகிலும் உள்ளவர்க்கு உரிமை உண்டு என்பதுதான் இத்தனை போராட்டத்தின் சாரம்.

அந்த நீதியை அடுத்தவரிடம் கேட்கும் நாம், நமக்குள்ளேயும் அதைக் கடைப்பிடிக்க வேண்டாமா? காவிரி இலுப்பூருக்கு எட்டாத தொலைவிலா ஓடுகிறது? திருச்சியிலே அகண்டு ஓடுகிறது. பெருவெள்ளக் காலத்திலே கொள்ளிடம் வழியே கடலுக்குப் போகிறது. இடையிலே ஒரு மேடு; அந்த மேட்டிலே நாம். அந்த வெள்ள உபரியை மாயனூர்க் கதவணையிலிருந்து வாய்க்கால் வெட்டி, கரூர், திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் வழியாகக் குண்டாறுவரை 262 கிலோமீட்டர் கொண்டுபோவதுதான் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டம். 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. 2021 பிப்ரவரி 21-லே விராலிமலைப் பக்கத்துக் குன்னத்தூரிலே அடிக்கல் நாட்டினார்கள். தெற்கு வெள்ளாறுவரை ஏறக்குறைய 118 கிலோமீட்டர் முதற்கட்டம் என்று வகுத்தார்கள்.

அடிக்கல் நாட்டுவது எளிது. அது ஒரு நாள் வேலை. ஆட்சி மாறும், அமைச்சர் மாறுவார், கல்வெட்டிலே பெயர் மாறும். வாய்க்கால் மட்டும் மாறாமல் முன்னேற வேண்டும். எந்தக் கொடி கோட்டையிலே பறந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது இந்தச் சீமைத் தொழிலாளியின் கடமை: இவ்வாண்டு எத்தனை கிலோமீட்டர் வெட்டினீர்கள்?

ஆனால் ஒரு எச்சரிக்கையும் தேவை. கடலுக்குப் போகும் நீரெல்லாம் வீண் என்று நினைத்துவிடக்கூடாது. ஆறு கடலைத் தொடாவிட்டால் கடல் ஆற்றுக்குள் ஏறும்; உப்பு ஏறும்; மீன் குறையும். 1960-களிலிருந்து சோவியத் நாடு பருத்திக்காக இரண்டு ஆறுகளைத் திருப்பியது. பருத்தி விளைந்தது, உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல் பெரும்பகுதி மணலாயிற்று, கப்பல்கள் மணலிலே நின்றன. ஆகவே வெள்ளத்தின் உபரியைக் கேட்போம். ஆற்றின் உயிரைக் கேட்கமாட்டோம். இன்னொன்று: வாய்க்கால் வந்தாலும் அது வந்து சேர வேண்டிய இடம் கண்மாய்தானே? தூர்ந்த கண்மாய்க்குக் காவிரி வந்தென்ன, கங்கையே வந்தென்ன?

வெயிலும் வியர்வையும்

வெப்ப நாட்டு மக்கள் சோம்பேறிகள், அடிமைப் புத்தி உடையவர்கள். குளிர் நாட்டு மக்களே வீரர்கள் என்ற பொருள்பட எழுதிவைத்தார், 1748-லே, பிரெஞ்சு நாட்டு மாந்தெஸ்கியூ. பெரிய அறிஞர்தான், மறுக்கவில்லை. ஆனால் அறிஞர் சொன்னார் என்பதற்காக அறிவை அடகு வைக்க முடியுமா?

இந்தத் திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்துதானே ஏழை மக்களைக் கங்காணிமார்கள் இலங்கைக்கு அழைத்துப்போனார்கள்? வெயிலிலே பிறந்தவர்கள் நுவரெலியாக் குளிரிலே காடு வெட்டித் தேயிலை வளர்த்தார்கள். மலாயாவின் புழுக்கத்திலே இரப்பர் மரம் கீறினார்கள். இன்று வளைகுடாவின் மணலிலே மாளிகை கட்டுகிறார்கள். 2016 சூலையில் குவைத்து நாட்டு மித்ரிபாவிலே 53.9 டிகிரி பதிவாயிற்று. அந்த அனலிலே செங்கல் சுமப்பவனைச் சோம்பேறி என்று சொல்ல எந்த நாக்கு துணியும்? வெப்பம் மனிதனைச் சோம்பேறியாக்கவில்லை. வெப்பத்திலே உழைத்தவனின் பயனைக் குளிர்ந்த அறையிலே இருந்தவன் கொண்டுபோனான் என்பதே வரலாறு.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தொழிலாளர் உரிமையிலே நற்பெயர் எடுக்காதவை வளைகுடா நாடுகள். வந்தவனின் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் முதலாளிகள் உலவும் இடம். ஆனால் அங்கேகூட, ஐக்கிய அரபு நாட்டிலே சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளியிலே வேலை வாங்கக்கூடாது என்று விதி உண்டு. குவைத்திலும் கோடையிலே உச்சிவேளைத் தடை உண்டு. மீறினால் தண்டம். இங்கே? தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவி என்றது. நல்ல அறிவிப்பு, வரவேற்போம். ஆனால் இறந்த பிறகு கிடைக்கும் உதவியைவிட, இறக்காமல் இருப்பதற்கான ஓய்வு உயர்ந்ததல்லவா? சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, கல்லுடைப்பவர்க்கும், கட்டடச் சித்தாளுக்கும், கண்மாய் வெட்டுபவர்க்கும் கூலி குறையாத உச்சிவேளை ஓய்வு, நிழல், குடிநீர் ஆகியவை அறிவுரையாக அல்ல, சட்டமாக வேண்டும். குவைத்திலே கிடைப்பது குளத்தூரிலே ஏன் கிடைக்கக்கூடாது?

இனி வரும் காலம் இன்னும் கடுமை. 2022 சூலை 19-லே இங்கிலாந்திலேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிற்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்திலே ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. இலுப்பூர்ச் சீமை வழக்கமாக ஓராண்டிலே காண்பதைவிட அதிகம்! 2024 ஏப்ரலில் துபாயின் சாலைகளிலே படகு விடும் அளவுக்கு வெள்ளம். ஆண்டுக்குத் தலைக்கு ஏறக்குறைய 14 டன் கரிவளியை வானில் விடுபவன் அமெரிக்கன். இந்தியனின் கணக்கு ஏறக்குறைய 2 டன். அந்த இரண்டிலும் இலுப்பூர்க் கூலிக்காரியின் பங்கு எவ்வளவு இருக்கும்? புகை விட்டவன் வேறு, புழுங்குபவள் வேறு.

நீர் நிறைந்தால் நெஞ்சும் நிறையுமா?

பூகோளம் மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மையாகாது. வானம் கொடுத்து, வாய்க்கால் வந்து, குளமும் நிறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நீர் எல்லார்க்கும் ஒன்றா?

2022 டிசம்பரில், இதே மாவட்டத்திலே, அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலிலே, தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியிலே மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், பக்கத்து இறையூரிலே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும், கோயில் நுழைவு மறுப்பும் இருப்பதைக் கண்டார். எந்த மலை மறித்ததால் வந்தது இது? எந்தக் காற்று திசை மாறியதால் வந்தது? உலக வரைபடத்தை எத்தனை முறை புரட்டினாலும் இதற்குக் காரணம் கிடைக்காது. மழை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பேதம் பார்க்காமல் பெய்கிறது. தெருவுக்குத் தெரு பேதம் பார்ப்பது மனிதன். கண்மாயைத் தூர் வாரினால் போதாது. மனத்தையும் தூர் வார வேண்டும். அது நடக்காதவரை, காவிரியே வந்தாலும் இந்தச் சீமை பாலைதான்.

தோழர்களே! இலுப்பை மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் இது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். கேலிக்குச் சொன்ன பழமொழிதான். ஆனால் அதற்குள்ளே ஒரு பாடம் உண்டு. வறண்ட நிலத்திலேயும் தழைத்து, எண்ணெயும் இனிப்பும் தந்த மரம் அது. இல்லாததை எண்ணி அழாமல், இருப்பதை வைத்து வாழக் கற்ற மக்களின் மரம்.

நமக்கு இருப்பது என்ன? இலண்டனைவிட மிகுந்த மழை, ஐயாயிரம் கண்மாய், உழைக்கும் கை, ஓட்டு. இந்த நான்கும் இருந்தும் வறண்டோம் என்றால், குற்றவாளி வானமல்ல.

ஆண்டுதோறும் மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. உழைப்பவர் திருநாளும் அதுவே. வெயில் உச்சத்திலே இருக்கும் நாளும் அதுவே. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். நாற்காலி போட்டவர் பேசிக் கலையும் கூட்டமாக அதை விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் கண்மாயின் பரப்பு ஆவணத்திலே எவ்வளவு, தரையிலே எவ்வளவு என்று கேளுங்கள். வரத்து வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே காணாமற்போயிற்று என்று கேளுங்கள். தொட்டித் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு போகிறதா என்று கேளுங்கள். உச்சிவேளை ஓய்வுக்குத் தீர்மானம் கொண்டுவாருங்கள். கேட்டதைத் தீர்மான ஏட்டிலே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஐப்பசி மழை எப்படியும் வரும். அதற்குள்ளே மடையைப் பழுது பாருங்கள்!